ஸ்விஃப்ட் நிரல்மொழியில் எண்கணித, ஒப்பீட்டுச் செயற்குறிகள்

ஸ்விஃப்ட் என்பது ஆப்பிள் நிறுவனம் 2014 ஜூன் 2 அன்று அறிமுகப்படுத்திய நிரல்மொழி ஆகும். கிறிஸ் லாட்னர் 2010-ஆம் ஆண்டில் இதன் உருவாக்கத்தைத் தொடங்கினார். 2015 டிசம்பரில் இது திறமூலமாக வெளியிடப்பட்டது. ஐபோன், ஐபேட், மேக் ஆகியவற்றுக்கான செயலிகளை எழுத இது பெரிதும் பயன்படுகிறது. லினக்ஸ், விண்டோஸ் கணினிகளிலும் இது இயங்கும்.

ஒரு நிரல் மதிப்புகளைக் கணக்கிடவும் ஒன்றோடொன்று ஒப்பிடவும் உதவும் குறியீடுகள் செயற்குறிகள் எனப்படும். கூட்டல், கழித்தல் போன்றவற்றைச் செய்வன எண்கணிதச் செயற்குறிகள். இரு மதிப்புகள் சமமா, எது பெரியது என்று சொல்வன ஒப்பீட்டுச் செயற்குறிகள். பள்ளிக் கணக்கில் பழகிய குறிகளே இவை என்பதால் எளிதாகத் தோன்றும். ஆனால் கணினியின் எண்கள் பள்ளிக் கணக்கின் எண்கள் அல்ல. அவற்றுக்கு வகை உண்டு, எல்லை உண்டு, துல்லியக் குறைவும் உண்டு. தொடக்கநிலை நிரலர்கள் செய்யும் பிழைகளில் பல இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

## எடுத்துக்காட்டுகள் பற்றி

ஸ்விஃப்ட் யூனிகோடு எழுத்துகளை ஏற்பதால் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆகவே இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளில் மாறிகளின் பெயர்கள் தமிழில் உள்ளன. முழு எண்ணுக்கான வகை இன்ட் என்றும், தசம எண்ணுக்கான வகை டபுள் என்றும், எழுத்துச் சரத்துக்கான வகை ஸ்ட்ரிங் என்றும், உண்மை அல்லது பொய் என்ற இரு மதிப்புகளை மட்டும் கொள்ளும் வகை பூல் என்றும் இங்கே ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன. அம்புக்குறிக்கு வலப்பக்கம் இருப்பது விடை.

## எண்கணிதச் செயற்குறிகள்

| குறி | செயல் | எடுத்துக்காட்டு |
|---|---|---|
| + | கூட்டல் | 12 + 5 → 17 |
| - | கழித்தல் | 12 - 5 → 7 |
| * | பெருக்கல் | 12 * 5 → 60 |
| / | வகுத்தல் | 12 / 5 → 2 |
| % | மீதி | 12 % 5 → 2 |

கூட்டல் குறி சரங்களை இணைக்கவும் பயன்படும்:

"தமிழ்" + "நாடு" → "தமிழ்நாடு"

செயற்குறியின் இருபுறமும் இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டும். விலை + வரி என்றும் எழுதலாம், விலை+வரி என்றும் எழுதலாம். ஆனால் விலை +வரி என்று ஒருபுறம் மட்டும் இடைவெளி விட்டால் ஸ்விஃப்ட் தொகுப்பி அதைக் கூட்டலாக எடுத்துக்கொள்ளாமல் பிழை காட்டும். ஒரு மதிப்பின் முன்னால் ஒட்டி நிற்கும் + அல்லது - அந்த மதிப்பின் நேர், எதிர்க் குறியாகக் கொள்ளப்படுவதே இதற்குக் காரணம்.

### முழு எண் வகுத்தல்

மேலுள்ள அட்டவணையில் 12 / 5 என்பதற்கு விடை 2.4 அல்ல, 2. இரண்டு முழு எண்களை வகுத்தால் ஸ்விஃப்ட் முழு எண்ணையே விடையாகத் தரும். தசமப் பகுதி வெட்டப்படும்; அருகிலுள்ள எண்ணுக்கு முழுமையாக்கப்படாது. 7 / 2 என்பது 3 ஆகும். -7 / 2 என்பது -3 ஆகும், -4 ஆகாது.

இதனால் வரும் பிழைகளுள் விழுக்காட்டுக் கணக்கு முதன்மையானது. ஒரு மாணவர் 50-க்கு 45 மதிப்பெண் பெற்றுள்ளார் என்க. மாறிகள் முழு எண் வகையில் இருந்தால்:

மதிப்பெண் / மொத்தம் * 100 → 0
மதிப்பெண் * 100 / மொத்தம் → 90

முதல் வரியில் 45 / 50 முதலில் கணக்கிடப்படுகிறது. அதன் முழு எண் விடை 0. அதை 100-ஆல் பெருக்கினாலும் 0 தான். நிரல் நிற்கவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. 90 விழுக்காடு பெற்றவருக்குச் சுழியம் என்று திரையில் வருகிறது. இரண்டாம் வரியில் பெருக்கல் முந்திக்கொள்வதால் விடை சரியாக அமைகிறது. தசமத்துடன் விடை வேண்டுமானால் வகுப்பதற்கு முன்பே மதிப்புகளை டபுள் வகைக்கு மாற்ற வேண்டும். வகுத்த பின் மாற்றுவதால் பயனில்லை. இழந்த தசமப் பகுதி திரும்பி வராது.

### மீதிச் செயற்குறி

வகுத்தலில் வெட்டப்பட்ட பகுதியை % குறி மீட்டுத் தருகிறது. இரண்டும் சேர்ந்தே பெரும்பாலும் பயன்படும். 135 நிமிடத்தை மணியாகப் பிரிக்க:

135 / 60 → 2
135 % 60 → 15

அதாவது 2 மணி 15 நிமிடம்.

எதிர்ம எண்களில் கவனம் தேவை. மீதியின் குறி, வகுபடும் எண்ணின் குறியைப் பின்பற்றும். -9 % 4 என்பதன் விடை -1. வகுக்கும் எண்ணின் குறி விடையை மாற்றாது: 9 % -4 என்பதன் விடை 1.

ஓர் எண் ஒற்றைப்படையா என்று அறிய எண் % 2 == 1 என்று எழுதுவது வழக்கம். இது -3 என்ற எண்ணுக்குத் தவறும். ஏனெனில் -3 % 2 என்பது -1. எண் % 2 != 0 என்று எழுதினால் எல்லா முழு எண்களுக்கும் பொருந்தும்.

கிழமைக் கணக்கும் இத்தகையதே. ஞாயிறு 0, திங்கள் 1 என்று தொடங்கிச் சனி 6 வரை எண்ணிட்டால் செவ்வாய் 2 ஆகும். செவ்வாய்க்குப் பத்து நாள் முன்பு என்ன கிழமை என்று காண 2 - 10 = -8; -8 % 7 → -1. இப்படியொரு கிழமை இல்லை. இதைச் சரிசெய்ய:

((நாள் % 7) + 7) % 7

-1 உடன் 7 கூட்டி மீண்டும் மீதி கண்டால் 6 வரும். விடை சனிக்கிழமை.

முந்தைய பதிப்புகளில் தசம எண்களுக்கும் % குறியைப் பயன்படுத்த முடிந்தது. ஸ்விஃப்ட் 3 பதிப்பிலிருந்து முழு எண்களுக்கு மட்டுமே அது பொருந்தும்; தசம எண்களுக்குத் தனிச் செயற்கூறு உள்ளது.

### செயல் முன்னுரிமை

பெருக்கல், வகுத்தல், மீதி ஆகிய மூன்றும் சம முன்னுரிமை உடையவை. இடமிருந்து வலமாகக் கணக்கிடப்படும். கூட்டலும் கழித்தலும் அவற்றுக்குப் பின்னரே வரும்.

20 - 6 * 5 % 4 → 18

முதலில் 6 * 5 = 30. பிறகு 30 % 4 = 2. இறுதியில் 20 - 2 = 18. ஒப்பீட்டுச் செயற்குறிகள் எண்கணிதக் குறிகளுக்கும் பின்னர் வருவதால் விலை + வரி > 500 என்பதற்கு அடைப்புக்குறி தேவையில்லை. ஆயினும் படிப்பவருக்கு ஐயம் எழும் இடங்களில் அடைப்புக்குறி இடுவது நல்ல பழக்கம்.

### கூட்டு ஒதுக்கீடு

மொத்தம் = மொத்தம் + 5 என்பதைச் சுருக்கி மொத்தம் += 5 என்று எழுதலாம். -=, *=, /=, %= ஆகியவையும் இவ்வாறே இயங்கும். சி மொழியிலிருந்து வந்த ++, -- ஆகிய குறிகள் தொடக்கத்தில் ஸ்விஃப்டில் இருந்தன. மாறியின் முன்னால் எழுதினால் ஒரு பொருளும் பின்னால் எழுதினால் வேறு பொருளும் தந்து குழப்பம் விளைவித்ததால், 2016-இல் வெளியான ஸ்விஃப்ட் 3 பதிப்பில் அவை நீக்கப்பட்டன. இப்போது += 1 என்றே எழுத வேண்டும்.

## வகை கலவாமை

ஸ்விஃப்ட் முழு எண்ணையும் தசம எண்ணையும் தானாகக் கலக்காது. எண்ணிக்கை என்பது இன்ட் வகையிலும் விலை என்பது டபுள் வகையிலும் இருந்தால், எண்ணிக்கை * விலை என்ற கோவையைத் தொகுப்பி ஏற்காது. டபுள்(எண்ணிக்கை) * விலை என்று வெளிப்படையாக மாற்றி எழுத வேண்டும்.

நேரடியாக எழுதப்படும் எண்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. 7 / 2 என்பதை டபுள் வகை மாறியில் வைத்தால் அந்த 7, 2 இரண்டுமே டபுள் எண்களாகக் கொள்ளப்பட்டு விடை 3.5 ஆகும். அதே எண்கள் ஏற்கெனவே இன்ட் வகை மாறிகளில் இருந்தால் இச்சலுகை கிடையாது.

டபுளை இன்ட் ஆக மாற்றும்போது தசமப் பகுதி வெட்டப்படும், இன்ட்(3.9) என்பது 3.

## எல்லை மீறல்

கணினியில் ஒவ்வொரு முழு எண் வகைக்கும் எல்லை உண்டு. 8 துணுக்கு இன்ட் -128 முதல் 127 வரையே கொள்ளும். 64 துணுக்குக் கணினியில் சாதாரண இன்ட் 9,223,372,036,854,775,807 வரை கொள்ளும். எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதில் மொழிகள் வேறுபடுகின்றன.

ஜாவா போன்ற மொழிகளில் எண் சத்தமின்றிச் சுற்றிக்கொண்டு எதிர்ம எண்ணாகிவிடும். ஜாவாவின் அடிப்படை நூலகத்தில் இருந்த இருமத் தேடல் நிரலில், பட்டியலின் நடுவிடத்தைக் காண (கீழ் + மேல்) / 2 என்று எழுதப்பட்டிருந்தது. பட்டியல் மிகப் பெரிதானால் அந்தக் கூட்டல் எல்லை மீறி எதிர்ம எண் தரும். சுமார் ஒன்பது ஆண்டுகள் கண்டுகொள்ளப்படாமல் இருந்த இப்பிழையை அந்நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006-இல் விளக்கி எழுதினார். கீழ் + (மேல் - கீழ்) / 2 என்று எழுதுவது ஒரு தீர்வு. கணக்கில் இரண்டும் ஒன்றுதான், கணினியில் ஒன்றல்ல.

ஸ்விஃப்ட் இத்தகைய இடத்தில் தவறான விடையுடன் தொடராமல் நிரலை நிறுத்திவிடும். எல்லை மீறிச் சுற்றுவதே வேண்டும் என்றால் &+, &-, &* என்ற தனிக் குறிகளைப் பயன்படுத்த வேண்டும். 8 துணுக்கு எண்ணில் 127 &+ 1 என்பது -128 ஆகும்.

ஆனால் நின்றுவிடுவதே எல்லா இடத்திலும் பாதுகாப்பு ஆகிவிடாது. 1996 ஜூன் 4 அன்று ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஆரியான் 5 ஏவூர்தி புறப்பட்டு ஒரு நிமிடம் ஆவதற்குள் அழிந்தது. 64 துணுக்குத் தசம எண் ஒன்றை 16 துணுக்கு முழு எண்ணாக மாற்றும்போது அது எல்லைக்குள் அடங்கவில்லை. பிழை உணரப்பட்டது; ஆனால் அதைக் கையாள வழி எழுதப்படாததால் வழிகாட்டும் கணினியே செயலை நிறுத்திக்கொண்டது. அந்நிரல் ஸ்விஃப்டில் எழுதப்பட்டதல்ல என்றாலும் பாடம் இதற்கும் பொருந்தும். எல்லை மீறக்கூடிய இடங்களில், மீறல் நிகழ்ந்ததா என்று விடையோடு சேர்த்துச் சொல்லும் செயற்கூறுகளும், மாற்ற இயலாதபோது வெற்று மதிப்பைத் தரும் வகைமாற்றமும் ஸ்விஃப்டில் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை நிரலரே எழுத வேண்டும்.

முழு எண்ணைச் சுழியத்தால் வகுத்தாலும் நிரல் நிற்கும். தசம எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் நிற்காது, 1.0 / 0.0 முடிவிலி என்ற மதிப்பைத் தரும். 0.0 / 0.0 என்பது எண் அல்லாத ஒரு சிறப்பு மதிப்பைத் தரும்.

## ஒப்பீட்டுச் செயற்குறிகள்

| குறி | பொருள் | எடுத்துக்காட்டு |
|---|---|---|
| == | சமம் | 5 == 5 → உண்மை |
| != | சமமன்று | 5 != 5 → பொய் |
| > | பெரியது | 7 > 5 → உண்மை |
| < | சிறியது | 7 < 5 → பொய் |
| >= | பெரியது அல்லது சமம் | 18 >= 18 → உண்மை |
| <= | சிறியது அல்லது சமம் | 19 <= 18 → பொய் |

எல்லா ஒப்பீடுகளின் விடையும் பூல் வகையைச் சேர்ந்தது. நிபந்தனைக் கூற்றுகளிலும் சுழற்சிகளிலும் இவ்விடையைக் கொண்டே நிரலின் அடுத்த படி முடிவாகிறது. எல்லைப் புள்ளியில் > வேண்டுமா >= வேண்டுமா என்பதை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 18 வயது நிரம்பியவர்க்கு உரியதை வயது > 18 என்று எழுதினால், சரியாக 18 வயதுள்ளவர் விடுபட்டுப் போவார்.

### ஒற்றைச் சமக்குறியும் இரட்டைச் சமக்குறியும்

சமக்குறியை 1557-இல் வேல்ஸ் நாட்டு அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட் தம் கணித நூலில் முதன்முதலில் அச்சில் பயன்படுத்தினார். கணிதத்தில் அதற்கு ஒரே பொருள். பல நிரல்மொழிகளில் = என்பது மதிப்பை ஒதுக்கும் கட்டளை; == என்பது சமமா என்ற வினா.

சி மொழியில் நிபந்தனைக்குள் == இட வேண்டிய இடத்தில் = இட்டாலும் நிரல் தொகுக்கப்பட்டுவிடும். 2003 நவம்பரில் லினக்ஸ் கருவின் ஒரு நகல் களஞ்சியத்தில் யாரோ இரு வரிகளைப் புகுத்தினர். பயனர் எண் 0 தானா என்று சரிபார்ப்பதுபோல் தோன்றிய அவ்வரியில் ஒற்றைச் சமக்குறியே இருந்தது. லினக்ஸில் 0 என்பது முழு அதிகாரம் கொண்ட பயனரின் எண். எனவே அவ்வரி வினாவாக இல்லாமல், இயக்குபவருக்கு முழு அதிகாரத்தையும் வழங்கும் கட்டளையாக இருந்தது. மூல நிரலுடன் ஒப்பிட்டபோது வேறுபாடு தெரிந்து அது நீக்கப்பட்டது.

ஸ்விஃப்டில் = குறி எந்த மதிப்பையும் திருப்பித் தராது. ஆகவே நிபந்தனைக்குள் தவறுதலாக = இட்டால் தொகுப்பி அங்கேயே பிழை காட்டிவிடும்.

### இடைப்பட்ட மதிப்பு

கணிதத்தில் 1 < எண் < 10 என்று எழுதலாம். சி மொழியில் இது தொகுக்கப்படும். ஆனால் முதல் ஒப்பீட்டின் விடையான 0 அல்லது 1 மட்டுமே 10 உடன் ஒப்பிடப்படுவதால் எப்போதும் உண்மை என்றே வரும். ஸ்விஃப்ட் இதை ஏற்காது. எண் > 1 && எண் < 10 என்று பிரித்து எழுத வேண்டும். இரு எல்லைகளும் உட்பட்ட வரம்பை 1...10 என்றும், மேல் எல்லை நீங்கிய வரம்பை 1..<10 என்றும் குறித்து, எண் அதனுள் உள்ளதா என்றும் கேட்கலாம்.

### தசம எண்களை ஒப்பிடுதல்

0.1 + 0.2 == 0.3 → பொய்

டபுள் எண்கள் இரும முறையில் சேமிக்கப்படுகின்றன. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் 0.333... என்று முடிவின்றி எழுத வேண்டியிருப்பதுபோல, பத்தில் ஒன்றை இருமத்தில் முழுமையாக எழுத முடியாது. ஆகவே 0.1 + 0.2 என்பதன் விடை 0.30000000000000004 என வரும். இரண்டு டபுள் எண்கள் சமமா என்று கேட்பதற்குப் பதிலாக, அவற்றின் வேறுபாடு ஏற்கத்தக்க சிறு அளவுக்குள் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பணக் கணக்கில் இது நேரடி இழப்பாக மாறும். ரூ. 4.35-ஐப் பைசாவாக்க 4.35 * 100 என்று பெருக்கினால் 434.99999999999994 வரும். அதை இன்ட் ஆக மாற்றினால் 434; ஒரு பைசா காணாமல் போகிறது. பணத்தைத் தொடக்கத்திலிருந்தே பைசாவாக முழு எண்ணில் வைப்பது பாதுகாப்பானது. ஃபவுண்டேஷன் நூலகத்தில் உள்ள டெசிமல் வகையையும் பயன்படுத்தலாம்.

எண் அல்லாத சிறப்பு மதிப்பு எதற்கும் சமமன்று. தனக்குத்தானே கூடச் சமமன்று.

### சரங்களை ஒப்பிடுதல்

சரங்களையும் இதே குறிகளால் ஒப்பிடலாம். ஆனால் எண்களைச் சரமாக வைத்து ஒப்பிட்டால் எழுத்து எழுத்தாகவே ஒப்பீடு நடக்கும். "10" < "9" என்பது உண்மை ஆகும்.

தமிழ்ச் சரங்களுக்கு ஸ்விஃப்ட் ஒரு நன்மை செய்கிறது. யூனிகோடில் "கொ" என்ற எழுத்தை க-வுடன் ஒகரக் குறியை இட்டும் எழுதலாம். க-வுடன் ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. குறியீடுகளை அப்படியே ஒப்பிடும் மொழிகளில் இவை வெவ்வேறு எனப்படும். தேடிய பெயர் கிடைக்காமல் போகும். ஸ்விஃப்டின் == குறி இரண்டையும் சமமெனக் கொள்ளும்.

வரிசைப்படுத்துவதில் இந்நன்மை இல்லை. < குறி யூனிகோடு வரிசையையே பின்பற்றும். அதில் ன என்ற எழுத்து, ந-வை அடுத்து, ப-வுக்கு முன்னால் உள்ளது. தமிழ் நெடுங்கணக்கிலோ அது இறுதி மெய். ஆகவே "மனம்" < "மலர்" என்பதை ஸ்விஃப்ட் உண்மை என்கிறது. தமிழ் அகராதியில் மலர் முதலிலும் மனம் பின்னரும் வரும். பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் காட்ட வேண்டிய செயலிகள், < குறியை நம்பாமல் ஃபவுண்டேஷன் நூலகத்தின் மொழிசார் ஒப்பீட்டுச் செயற்கூறுகளை நாட வேண்டும்.

## இரண்டும் சேரும் எடுத்துக்காட்டு: நெட்டாண்டு

கிரெகோரியன் நாட்காட்டியில் 4-ஆல் வகுபடும் ஆண்டு நெட்டாண்டு. ஆனால் 100-ஆல் வகுபடுவது நெட்டாண்டு அன்று. 400-ஆல் வகுபட்டால் மீண்டும் நெட்டாண்டே. இவ்விதியை ஒரே கோவையில் எழுதலாம்:

(ஆண்டு % 4 == 0 && ஆண்டு % 100 != 0) || ஆண்டு % 400 == 0

இதில் && என்பது இரண்டும் உண்மையாக வேண்டும் என்றும், || என்பது ஒன்றேனும் உண்மையாக வேண்டும் என்றும் பொருள்படும். மீதி முதலிலும் ஒப்பீடு அடுத்தும் இணைப்பு இறுதியிலும் கணக்கிடப்படும்.

- 2024: 4-ஆல் வகுபடும், 100-ஆல் வகுபடாது → உண்மை
- 2026: 4-ஆல் வகுபடாது → பொய்
- 1900: 100-ஆல் வகுபடும், 400-ஆல் வகுபடாது → பொய்
- 2000: 400-ஆல் வகுபடும் → உண்மை

2024, 2026 ஆகியவற்றை மட்டும் சோதித்திருந்தால், ஆண்டு % 4 == 0 என்ற அரைகுறைக் கோவையும் சரியானதாகவே தோன்றியிருக்கும். 1900-ஐக் கொடுத்தால்தான் அதன் குறை வெளிப்படும். செயற்குறிகளைக் கற்பவர் ஒவ்வொரு கோவையையும் சுழியம், எதிர்ம எண், எல்லை எண், எல்லைக்கு அடுத்த எண் ஆகியவற்றைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சியாகும்.